மனச்சோர்வும் அன்றாட வாழ்வும்



காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். பால்வெட்டும் கத்தி விரலில் பட்டால் வழியும் இரத்தமே சொல்லிவிடுகிறது. மனத்துக்கு வரும் நோவை மட்டும் தொட்டுப் பார்க்க முடிவதில்லை. அதனால் அதற்கு நாம் வேறு வேறு பெயர்களைச் சூட்டுகிறோம். ஆணுக்கு வந்தால் சோம்பல் என்கிறோம். மருமகளுக்கு வந்தால் திமிர் என்கிறோம். வயது வந்த பெண்ணுக்கு வந்தால் காற்றுக் கருப்பு என்கிறோம். முதியவருக்கு வந்தால், வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். இந்த நான்கு பெயர்களுக்கும் பின்னால் ஒரே நோய் இருக்கக்கூடும் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அந்த நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர். இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

செனாவாங் பக்கத்தில் ஒரு தாயாரை மனத்தில் நினைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவரைச் சொல்லவில்லை. ஆனால் இவரைப் போன்ற இரண்டு மூன்று பேரை உங்களுக்கே தெரிந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பிரட்டில் பெயர் கொடுத்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, வெயில் ஏறும் நேரத்தில் பாலை எடுத்துக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் எடை போட்டு வீடு திரும்பிப் பழகியவர். தோட்டம் கைமாறியது. குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்தது. கணவருக்குத் தொழிற்சாலையில் காவல் வேலை. பிள்ளைகளுக்கு ஷிப்ட் வேலை. இவருக்கோ இன்றும் காலை நான்கு மணிக்குக் கண் தானாக விழித்துக்கொள்கிறது. எழுந்து போக வேலை இல்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். மெல்ல மெல்லத் தலை வாருவது நின்றது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றது. சமையலில் உப்பு கூடுகிறது அல்லது இல்லாமலே போகிறது. "நெஞ்சு கனமா இருக்கு, தலை பாரமா இருக்கு" என்று கிளினிக்குக்குப் போனால் பெனடோல் கிடைக்கிறது. தலைவலி என்று சொன்னால் தலைவலி மருந்துதானே கிடைக்கும்?

இவருக்கு வந்திருப்பது என்ன? கவலை எல்லாருக்கும் உண்டு. சம்பளம் பற்றாமல் போனாலும், பிள்ளை தேர்வில் தவறினாலும், வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலும் மனம் வாடத்தான் செய்யும். அது நோய் அல்ல. அழுது தீர்த்து, நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசி, நாள் செல்லச் செல்ல அது தணியும். இடையில் பேரக்குழந்தையைப் பார்த்தால் ஒரு சிரிப்பாவது வரும். மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே கிடக்கும். அல்லது முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போகும். இந்த இரண்டில் ஒன்று இருந்து, கூடவே தூக்கம் கெடுதல், பசி குறைதல் அல்லது மிகுதல், உடம்பு அசதி, சின்ன வேலையிலும் கவனம் நில்லாமை, "நான் யாருக்கும் பயன்படாதவள்" என்ற எண்ணம், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஆகியவற்றில் பலவும் சேர்ந்தால் அது கவனிக்க வேண்டிய நோய். ஆண்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வெளிவருவதில்லை. எரிந்து விழுவதாகவும், குடியாகவும், வேலைக்கு மட்டம் போடுவதாகவும் வெளிவருகிறது. அதனால் ஆண்களின் மனச்சோர்வு இன்னும் எளிதாக நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த கேடு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019-ல் பெரியவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ல் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடையே எடுத்த கணக்கில் அது 4.6 ஆகியிருந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், நகரத்தார், கிராமத்தார் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாரும் அதில் அடக்கம்.

ஏன் வருகிறது என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. சிலருக்குப் பரம்பரையில் அந்தச் சாயல் இருக்கும். சிலருக்குப் பிள்ளை பெற்ற சில வாரங்களில் வரும். பத்தியச் சாப்பாடும் குளியலும் குறைவின்றி நடக்கும். பெற்றவள் மட்டும் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். "பச்சை உடம்புக்காரி, சரியாயிடும்" என்று பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. முதல் சில நாள் அழுகை தானே தீரும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. இரத்தச் சோகை, தைராய்டு சுரப்பிக் கோளாறு, இனிப்புநீர் ஆகிய உடல் நோய்களும் சோர்வைக் கொண்டுவரும் அல்லது கூட்டும். கடனும், குடியும், வீட்டில் அடி உதையும் பெருங்காரணங்கள். இவற்றோடு நம்மவர்களுக்கென்று ஒரு காரணமும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

செனாவாங்கைச் சுற்றி ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் ரப்பர்க் காடு. இன்று தொழிற்பேட்டையும், தாமான்களும், நெடுஞ்சாலையும். நெகிரி செம்பிலானில் பல தோட்டங்களின் கதை இதுதான். மிஞ்சிய தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்ட வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. லயத்து வீட்டின் ஒழுகும் கூரையும், தண்டலின் ஏச்சும், கூப்பன் கடைக் கணக்கும் யாருக்கும் மறந்திருக்காது. ஆனாலும் தோட்டம் போனபோது அதோடு சேர்ந்து நாம் கவனிக்காத சில பொருள்களும் போய்விட்டன. காலையில் எழுந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. பிரட்டுக்கு வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஆள் இருந்தார், அந்தக் கேள்வி போயிற்று. லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு புகையாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். தாமான் வீட்டில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டால் மூன்று நாள் ஆனாலும் தெரியாது. பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நாலு பெண்கள் பேசிக்கொண்டே நடந்த பாதை போயிற்று. கோயில் வேறிடம் பெயர்ந்தது அல்லது இல்லாமலே போயிற்று. வேலை, துணை, நேரம், வழிபாடு என்னும் நான்கு தூண்களும் ஒரே நாளில் சாய்ந்தால் மனம் எதன்மேல் சாய்ந்து நிற்கும்?

இதை ஏன் சொல்கிறோம் என்றால், மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று இந்தத் தூண்களைத் திரும்ப நாட்டுவதுதான். பெரிய மருத்துவமனை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இந்தியாவில் கோவா மாநிலத்தில் சங்கத் என்னும் தொண்டு நிறுவனம், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளோடு பேச வைத்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். எல்லாருக்கும் கடுமையான மனச்சோர்வு. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மறு பாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு முறை இந்த உரையாடல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேரும், உரையாடலும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேரும் நோய் தணிந்திருந்தார்கள். 2017-ல் லான்செட் என்னும் மருத்துவ ஏடு இதை வெளியிட்டது.

அந்த ஆட்கள் என்னதான் பேசினார்கள்? தத்துவமோ அறிவுரையோ பேசவில்லை. நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். எந்த நேரத்தில் மனம் கொஞ்சம் இலேசாக இருந்தது, எந்த நேரத்தில் கனத்தது என்று கேட்டார்கள். பிறகு, நாளைக்கு ஒரு சின்ன வேலையைக் குறித்த நேரத்தில் செய்ய ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடுத்த முறை வந்து, செய்தீர்களா, செய்தபோது எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். அவ்வளவே.

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். "மனசு சரியானதும் எழுந்து வேலை பார்ப்பேன்" என்று நாம் நினைக்கிறோம். மனச்சோர்வில் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. செயல் குறையக் குறைய மனத்துக்கு இன்பம் தரும் வாய்ப்பும் குறைகிறது. மனம் மேலும் சோர்கிறது. சோர்ந்ததால் செயல் இன்னும் குறைகிறது. சேற்றில் மாட்டிய லாரிச் சக்கரம் சுழலச் சுழல ஆழமாகப் புதைவது போல. பலகை ஒன்றைச் சக்கரத்தின் அடியில் சொருகினால்தான் வண்டி ஏறும். மனம் வருவதற்கு முன்பே செய்யும் சின்ன வேலைதான் அந்தப் பலகை.

வேலை மிகச் சின்னதாக இருக்க வேண்டும். "நாளையிலிருந்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்" என்பது வேலை அல்ல, சுமை. "காலை ஏழு மணிக்கு வாசலைப் பெருக்குவேன்" என்பது வேலை. நம் வீடுகளில் குதிரைக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்குகிறதல்லவா? குதிரை ஓடும் நாளைப் பார்க்க மட்டும் அது இருக்க வேண்டியதில்லை. செய்து முடித்த நாளில் அந்தத் தேதிக் கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். செய்யாத நாளை வெறுமனே விட்டுவிடுங்கள். பெருக்கல் குறி போட வேண்டாம். ஒரு வாரம் கழிந்து பார்த்தால் நான்கு கோடு இருக்கும். ஏழில் நான்கு தோல்வி அல்ல. "நான் ஒன்றுமே செய்வதில்லை" என்று மனம் சொன்ன பொய்க்கு அந்த நான்கு கோடும் சாட்சி.

என்ன வேலை என்பதைப் பிறர் தீர்மானிக்கக் கூடாது. முன்பு எது பிடித்திருந்ததோ அதில் தொடங்குவது நல்லது. ஒருவருக்கு இரண்டு தொட்டியில் கீரை போட்டுத் தண்ணீர் ஊற்றுவது. ஒருவருக்கு வானொலியில் பழைய பாட்டு கேட்பது. ஒருவருக்குக் கோயிலில் பூக் கட்டிக் கொடுப்பது. ஓய்வு பெற்ற ஆண்களுக்கு மிதிவண்டியைக் கழற்றி மாட்டுவது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். நாளின் வேலைகளில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே, இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதாக இருக்கட்டும். கடைக்காரரிடம் "கருவேப்பிலை இருக்கா அண்ணே?" என்று கேட்பதும் கணக்கில் சேரும்.

நடைப்பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பை அசைப்பது மனச்சோர்வைக் குறைக்கும் என்பது மெய்யே. பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஐந்நூறு மரம் வெட்டிவிட்டு வருபவரிடமும், செம்பனைக் குலையை நாளெல்லாம் இறக்கிவிட்டு வருபவரிடமும் "தினம் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொல்வது நியாயமாக நமக்குப் படவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும், தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கும் நடை உதவும். தனியாக நடக்காமல் துணையோடு நடந்தால் இரட்டிப்புப் பயன். காலை வெயிலில் நடந்தால் இரவுத் தூக்கமும் சீர்ப்படும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு கோப்பி வேண்டாம். பகல் உறக்கம் விடியுமுன் வேலைக்குப் போகிறவருக்கு நியாயம். மற்றவர்களுக்கு அரை மணி போதும். படுத்து நெடுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் உட்காருங்கள். படுக்கை, கவலைப்படும் இடமாக மாறிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தரும் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போட வேண்டாம்.

குடி பற்றி நம்மவர்களிடம் பேசுவது சங்கடமான காரியம். சம்சு இரண்டு மடக்கு உள்ளே போனால் பாரம் இறங்கியது போல இருப்பது உண்மைதான். ஆனால் சாராயம் மூளையை மந்தப்படுத்தும் பொருள். உறக்கத்தைத் துண்டு துண்டாக்கும். மறுநாள் மனம் முன்னிலும் தாழ்ந்து கிடக்கும். அதைத் தூக்க மறுபடியும் சம்சு. குடிப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர்களில் சிலர் தம் மனச்சோர்வுக்குத் தமக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் நெடுநாளாக நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். நிறுத்துவதை மருத்துவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும்.

அடுத்து, "யோசனை". நம் வீடுகளில் இந்த நோய்க்கு உள்ள பெயரே அதுதான். "ஒரே யோசனையா இருக்கா" என்போம். வியப்பு என்னவென்றால், ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மொழியிலும் இதற்குப் பெயர் "அதிகம் யோசித்தல்" என்பதே. குஃபுங்கிசிசா என்று சொல்கிறார்கள். அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. 2006-ல் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் ஹராரே நகரில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் ஒரு மரப்பலகை ஆசனம். அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். யோசனை அதிகமானவர் வந்து அவர் பக்கத்தில் உட்காருவார். நட்பு ஆசனம் என்று அதற்குப் பெயர். பாட்டி முதலில் எல்லாவற்றையும் கேட்பார். பிறகு, உன் துன்பங்களில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடு என்பார். அந்த ஒன்றுக்கு என்னென்ன வழி உண்டு, அடுத்த வாரத்துக்குள் எந்த அடியை வைக்கலாம் என்று அவரையே சொல்ல வைப்பார். 2016-ல் வெளியான ஆராய்ச்சி, பாட்டிமாரிடம் பேசியவர்களின் சோர்வு மற்றவர்களைவிட நன்கு குறைந்ததைக் காட்டியது.

பாட்டிமாருக்கும் மரத்தடிக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. கோயில் திடலில் மாலை நேரம் உட்காரும் பெரியவர்கள் இதைச் செய்யலாம். ஆனால் அவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்; நமக்கும் சேர்த்தே சொல்கிறோம். முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். "எனக்கு வராத கஷ்டமா உனக்கு?" என்று தொடங்கினால் வந்தவர் வாயை மூடிக்கொள்வார். கேட்டது இன்னொரு காதுக்குப் போகவும் கூடாது. சின்ன ஊரில் வாய்விட்டுப் பேச மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் நோய் அல்ல, ஊர்ப் பேச்சு.

துன்பங்களில் ஒன்றை எடுப்பது என்றால் எப்படி? கடன் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் தவணை, வங்கிக் கடன், கடன் அட்டை, ஆலோங்கிடம் வாங்கியது என்று நான்கும் ஒன்றாகக் குழம்பி இரவெல்லாம் தலைக்குள் சுற்றும். ஒரு தாளில் நான்கையும் தனித்தனியாக, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று எழுதுங்கள். எழுதியதும் தொகை குறையப் போவதில்லை, சுற்றுவது குறையும். வங்கிக் கடன்களைத் திருத்தி அமைத்துக்கொள்ள, நாட்டின் மத்திய வங்கி 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையம் கட்டணம் இல்லாமல் உதவுகிறது. இந்த வார வேலை அங்கே போவது. மற்ற மூன்றும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

வீட்டில் உள்ளவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? "எழுந்து வேலையைப் பார், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். மேலே செயலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறோமே என்று நினைப்பீர்கள். வேறுபாடு இருக்கிறது. ஏவுவது வேறு, கூட நிற்பது வேறு. "வாசலைப் பெருக்கு" என்பது ஏவல். "வாங்கம்மா, நான் பெருக்குறேன், நீங்க தண்ணி தெளிங்க" என்பது துணை. அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, சாப்பிடும் வரை பக்கத்தில் உட்காருங்கள். பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்ட விரும்பினால் தடுக்க வேண்டாம்; அடிப்பது, பட்டினி போடுவது, மருத்துவரிடம் போக விடாமல் தடுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். மாரியம்மனை வணங்கிவிட்டு அப்படியே கிளினிக்குக்கும் போகலாம்.

இனிச் சொல்லப்போவதைக் குழந்தைகளைச் சற்று அப்பால் அனுப்பிவிட்டுப் படியுங்கள். சோர்வு முற்றியவருக்குச் சாவு நினைப்பு வரலாம். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற அச்சம் தவறு. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலே உண்டாகிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடக்கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்குப் போடும் பழைய சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது. ஆகையால் போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. அந்த நினைப்பு பலருக்குச் சில மணி நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நஞ்சு கையில் இல்லாவிட்டால் உயிர் பிழைக்கிறது. பிழைத்தவர்களில் மிகப் பலர் பிறகு நெடுநாள் வாழ்கிறார்கள். இலங்கை அரசு கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துவந்ததில், 1995-க்குப் பிறகு அங்கே தற்கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊருக்குப் பொதுவான கிடங்கு கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி கொடுத்து, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கச் செய்தார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். நம் நாட்டில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் கொல்லையில் எங்காவது கிடந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். மற்ற மருந்துகளைத் தோட்டத்து ஸ்டோரிலேயே விட்டுவாருங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்.

நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமானால் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் தொண்டர் அமைப்பு இருக்கிறது. கோலாலம்பூரில் 1970-லிருந்து இயங்குகிறது. 03-76272929 என்ற எண்ணை இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சு நடத்தும் மனநலத் தொலைபேசிக்கு 15555 என்பது எண்.

கிளினிக் என்றதும் நம்மவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் நினைவுக்கு வருகிறது. பேராக்கில் 1911-ல் திறக்கப்பட்ட அந்த மனநோய் மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்த்தோம். பின்னாளில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் "பஹாகியா" என்னும் பெயரை வைத்தும் அச்சம் போகவில்லை. மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மாதிரி இடத்தில் போய்த் தங்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டில் இருந்தபடியே குணமாகிறார்கள். முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போனால் போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்து சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

மாத்திரை கொடுத்தால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். பெனடோல் போல அரை மணியில் அது வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைச்சுற்றலும் இருக்கலாம். "பத்து நாள் போட்டேன், ஒன்றும் கேட்கலை" என்று நிறுத்துபவர்கள், பலன் தொடங்கும் வாசலில் திரும்பி வந்துவிடுகிறார்கள். இரண்டாவது, மனம் தெளிந்த பின்னும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

கிளினிக்கில் என்ன சொல்வது என்று தெரியாமலே பலர் தலைவலி என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார். மனத்தில் உள்ளதை மலாயில் சொல்ல வராது. "கெமுருஙான்" என்பது மனச்சோர்வுக்கு மலாய்ச் சொல். அதைச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், எத்தனை வாரமாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாவு நினைப்பு உண்டா என்ற நான்கையும் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒருவரைக் கொண்டு மலாயில் எழுதாமல், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கும்போது கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய், அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினால் போதும்.